சம்மதம் கேட்காமல் கட்டிப்பிடித்தார்கள்

பேஸ்பால் ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸ் நடுவில் எலாடியோவை வெளியே கூப்பிட்டார்கள். அடியில்லை, சுளுக்கில்லை. சற்று முன்னால்தான் தரையோடு சீறி வந்த பந்தைப் பாய்ந்து அள்ளி, விழுந்த வாக்கிலேயே எறிந்து ஒருவனை அவுட்டாக்கியிருந்தார். அரங்கம் கத்தி முடிக்கவில்லை. அதற்குள் கோச் டக்கர் வா வா என்று கையை ஆட்டினார்.

ஜூலை கடைசி நாள். மாலை ஆறு மணி வரைக்கும்தான் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு நன்றாக ஆடுகிறவனைப் பாதியில் எடுத்தால் எங்கள் பஃபலோ நகரத்தில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்: ஆளை விற்றாயிற்று. போய்ச் சேர்கிற வரை கணுக்கால் பிசகக் கூடாது, அவ்வளவுதான் அக்கறை.

அவர் பெஞ்சுக்குப் படியிறங்குவதற்குள்ளேயே சக ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து முதுகில் தட்டினார்கள். பின்னால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு தடியன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். எலாடியோ எல்லார் தோளுக்கும் மேலாக என்னைத் தேடினார்.

"யோகாஸ்தா, யாரு செத்தது?"

ஸ்பானிஷ் மட்டும் பேசுகிற ஆட்டக்காரர்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில் போர்வை மடித்து என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்துக்கொண்டு நான் பார்க்கிற வேலை, பெரிய மனிதர்களின் பொய்யை இலக்கணப் பிழையில்லாமல் இன்னொரு மொழியில் சொல்வது. எலாடியோவுக்கு ஆங்கிலம் பாதி புரியும். "புரியாத பாதியிலதான் எப்பவும் விஷயம் இருக்கும்" என்பார். அதனால் நான்.

"உங்களை சியாட்டில் அணிக்கு மாத்திட்டாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க."

"எனக்குத் தெரியாமயா?"

அதுதான் கேள்வி. பெரிய லீகில் பத்து வருஷம் ஆடி, கடைசி ஐந்தையும் ஒரே அணியில் கழித்தவனை அவன் சம்மதம் இல்லாமல் எங்கேயும் அனுப்ப முடியாது. எலாடியோவுக்கு இங்கேயே பதினொன்று. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

உடை மாற்றும் அறைக்குப் போனோம். மழையால் ஆட்டம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. அவர் உட்காரவில்லை. நடந்தார், நின்றார், ஷூ லேஸை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அலமாரிக்குள் அவர் போன் அடித்தது. மனைவி அல்தக்ராசியா. நயாகரா தெருவில் வசந்தத்தில்தான் சலூன் திறந்தவள். அவள் கத்தியது எனக்கே கேட்டது.

"என்ன கூத்து இது? டிவியில உன்னக் கட்டிப்பிடிச்சுட்டு அழறானுங்க. இங்க நாலு பொம்பளைங்க தலையில ரோலரோட உக்காந்து ஒப்பாரி வைக்கிறாங்க. நீ போறியா, இல்லியா? ஒருத்திக்குச் சாயம் வேற போட்டிருக்கேன், கழுவணும், சீக்கிரம் சொல்லு!"

"எங்கிட்ட யாரும் கேக்கலடி."

"கேக்கலன்னா? நீ என்ன மூட்டையா?"

அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு சிரிப்பு போய்விட்டது.

"பதினாறு வயசுல என்னக் கூட்டிட்டு வந்தானுங்க," என்றார் என்னிடம். "அரிசோனா, அயோவா, டெக்சாஸ். அனுப்பின எடத்துக்கெல்லாம் போனேன். இந்த ஊர்லதான் எனக்குன்னு ஒரு பல் டாக்டர் இருக்கான். பேரு தெரியும். பேரு தெரிஞ்ச பல் டாக்டர் எனக்கு வேற எங்கயும் கெடையாது."

அப்போதுதான் கிரேடன் ஹோம் வந்தான். பொது மேலாளர், முப்பத்தாறு வயது, காலில் சாக்ஸ் இல்லாத ஷூ. இரண்டு வாரத்தில் பந்தெறியும் எங்கள் முதல் பிட்சரை விற்றான், அதைப் பிடிக்கும் கேட்ச்சரை விற்றான். ஒவ்வொரு தடவையும் டிவியில் 'இளமையை நம்புகிறோம்' என்றான். அந்த இளமைக்கு அவன் எவ்வளவு கொடுக்கிறான் என்று எனக்குத் தெரியும். எனக்கு இருபத்துநான்கு வயது, மணிக்கணக்கில் சம்பளம்.

"யோகாஸ்தா, எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லு. பதிலுக்கு அங்கருந்து மூணு பசங்க வர்றாங்க, அருமையான பசங்க. நகரமே அவருக்கு நன்றி சொல்லுது."

"முடிஞ்சிடுச்சா? அவர் எங்க சரின்னு சொன்னார்?"

"அவரோட ஏஜென்ட்கிட்ட பேசினோம். 'மாட்டேன்னு சொல்ல மாட்டார்'னு சொன்னார்."

"அது 'சரி' ஆகாதே."

"நீ மொழிபெயர்க்க மட்டும் செய்."

செய்தேன். அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் எலாடியோவிடம் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. "இது அவர் சொல்றது. இப்ப நான் சொல்றேன். எதுவும் முடியல. நீங்க கையெழுத்துப் போடாம ஒண்ணும் நடக்காது. ஆறு மணிவரைக்கும் இது உங்க கையில இருக்கு."

ஹோம் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். "இவ்வளவு நேரமா நான் பேசினது?"

எலாடியோ பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் தடவையாக. "சியாட்டில் ஜெயிக்கிற அணியா?"

"ஆமா. இறுதிப் போட்டிவரைக்கும் போகலாம்."

"இங்க?"

"கடைசி இடம். அடுத்த வருஷமும் கடைசிதான்."

நான் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் இன்னொரு ஹோம்தான். மேலே கூட்டம் எதற்கோ கத்தியது. மூலையில் இருந்த டிவியில், அவர் இடத்தில் நின்ற பொடியன் ஒரு பந்தைத் தவறவிட்டிருந்தான். எலாடியோவின் கை தானாக மூடித் திறந்தது.

"கெளவனாகி இங்கயே தோக்குறேன்னு சொல்லு. எம் பொண்டாட்டி கடை இங்க இருக்கு. மாட்டேன்."

சொன்னேன். ஹோம் நெற்றியைத் தேய்த்தான், மிரட்டினான், கெஞ்சினான், அந்த மூன்று பையன்களையும் சியாட்டிலில் ஏற்கெனவே மைதானத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றான். அது மட்டும் எலாடியோவைத் தொட்டது. "பாவம் பசங்க. அவங்ககிட்டயும் யாரும் கேட்டிருக்க மாட்டானுங்க," என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. ஆறு அடித்தது. ஹோம் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

ஒருமுறை வெளியே எடுத்த ஆளை அதே ஆட்டத்தில் திரும்ப இறக்க முடியாது. அதனால் எலாடியோ போய் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். செத்தவன் பந்தியில் வந்து உட்கார்ந்த மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். மைதானத்தில் முதல் பேஸைக் காக்கும் புருசோ, "யோவ், எம்பாட்டுக்கு அழுதுட்டேன்யா. கண்ணீரத் திருப்பிக் குடு," என்றான். பெஞ்சே சிரித்தது. டக்கர் மட்டும் சிரிக்காமல் பாக்குக் கொட்டையைத் துப்புவதுபோல் சூரியகாந்தி விதைத்தோலைத் துப்பினார்.

செய்தி அரங்கத்துக்குள் போனை விட்டுப் போனுக்குத் தாவுவதை நான் பார்த்தேன். தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன. கைதட்டியவர்கள்தான் முதலில் ஊளையிட்டார்கள். "மூணு பசங்களை வரவிடாமக் கெடுத்தான்!" என்று ஒருவன். "சுயநலம்!" என்று இன்னொருவன். நன்றி சொல்லச் சற்று முன்னால் எழுந்து நின்ற கால்கள், அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்றதும் நிற்க மறுத்துவிட்டன.

மறுநாள் காலை இரண்டு விஷயம் நடந்தது. மூன்றாவதாக மட்டை பிடித்துவந்த எலாடியோவை ஏழாவதற்கு இறக்கியிருந்தார்கள். என்னை மேலே கூப்பிட்டு, திங்கள்கிழமையிலிருந்து ஃபுளோரிடாவில் இளைஞர் முகாமில் வேலை என்றார்கள். "அங்க உன் தேவை அதிகம்," என்றாள் ஒருத்தி, என் முகத்தைப் பார்க்காமல். எனக்குப் பத்து வருஷமும் இல்லை, ஐந்தும் இல்லை. சரி என்றேன். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குப்பைத் தொட்டியை உதைத்தேன். கால் வலித்தது.

எலாடியோவிடம் சொன்னபோது அவர் கை வழுக்காமலிருக்க மட்டையில் பசை தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"என்னாலயா?"

"என் வாயால."

"போவியா?"

"வாடகை கட்டணுமே."

அவர் மறுபடி பசையைத் தேய்த்தார். ஆறுதல் சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

அன்றைய ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் மட்டை பிடிக்கும் முறை வந்தது. பெயரை அறிவித்த உடனே ஊளை தொடங்கியது, ஏரியிலிருந்து வரும் காற்றுபோல் எல்லாப் பக்கமிருந்தும். அவர் மட்டையால் மண்ணைத் தட்டினார். வேலியோரம் ஒருவன் கையைக் குவித்து, "போயிருக்கணும்டா நீ! எங்கள விட்டுத் தொலைஞ்சிருக்கணும்!" என்று கத்தினான்.

அணி ஊழியர் ரசிகர்களோடு வாய் கொடுக்கக் கூடாது. முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. நான் படியேறி வேலி ஓரம் போய் நின்றேன்.

"அவர் போகலை! பாரு, அங்க நிக்கிறாரு!" என்றேன் ஆங்கிலத்தில். "உன் ஊரு வேணும்னு இந்த உலகத்துல ஒருத்தர் சொல்லிட்டாருன்னு உனக்கு ஏன்யா இவ்வளவு கோவம்?"

அவன் குவித்த கையை இறக்கினான். எனக்குப் பின்னால் பிட்சர் முதல் பந்தை எறிந்தான்.