நீலம் பாரித்த தோட்டம்

வேனிலிருந்து படத்தை வெயிலில் இறக்கியதும் தம்பி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். 

"அக்கா, உன் தோட்டத்துக்கு யாரோ விஷம் வெச்சுட்டாங்க."

அவள் பார்த்தாள். வெயிலையும் வெளிச்சத்தையுமே வரைந்த அந்தக் கால இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ஒருவரின் பூந்தோட்டத்தை மனதில் வைத்து, ஆளுயரத் துணியில் அவள் தீட்டிய தோட்டம். இலை, வெள்ளைப் பூ, நடைபாதை எல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தன.

காரணம் உடனே விளங்கியது. ஜன்னல் இல்லாத சாமான் அறையில், மஞ்சள் பல்பின் கீழ் வரைந்திருந்தாள். அந்த வெளிச்சம் நீலத்தை விழுங்கிவிடும். போதவில்லை, போதவில்லை என்று அப்பிக்கொண்டே போயிருக்கிறாள்.

பிழைப்புக்கு அவள் செய்வது பொய்ப்பற்கள். எந்தப் பல்லையும் ஜன்னலோரம் கொண்டுபோய் நிறம் பார்க்காமல் அனுப்பியதில்லை.

"ஊரார் பல்லுக்கெல்லாம் ஜன்னல் தேடுவ. உன் படத்துக்கு ஒரு தடவை கதவைத் திறக்கக் கூடாதா?"

"வாயை மூடிட்டு நிமிர்த்திப் பிடி."

எதிரே கண்காட்சிக் கூடம். அவள் அனுப்பிய சிறிய மாதிரியைப் பார்த்து, முதல் தடவையாக ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள். கதவு அடைப்பதற்குள் படம் உள்ளே போகாவிட்டால் சுவர் வேறொருவருக்கு.

"திரும்பிடலாம்கா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷமும் இதே கைதான்டா எனக்கு."

படத்தை வேன்மேல் சாய்த்தாள். மேல்பூச்சு இன்னும் காயவில்லை. நல்லதாகப் போயிற்று. வேனிலிருந்த வண்ணப்பெட்டியைத் திறந்து, கத்தியால் நீலத்தை வழித்தெடுத்தாள். குழாயிலிருந்து மஞ்சள் வண்ணத்தைப் பிதுக்கினாள்.

நடைபாதையில் போன ஒருவர் நின்றார். "விக்கிறதாம்மா?"

"இல்லீங்க, வைத்தியம் பார்க்கறோம்" என்றான் தம்பி.

கூடத்தின் நிழல் வளர்ந்து படத்தின் ஓரத்தைத் தொட்டது.

"படத்தை நான் பிடிச்சுக்கறேன். வேனை முன்னாடி எடு."

எடுத்தான். நிழல் மறுபடி வந்தது. மறுபடி எடுத்தான்.

"வெயிலுக்குப் பின்னாடியே வண்டி ஓட்டுற ஒரே டிரைவர் நான்தான்."

அவள் தூரிகையை மஞ்சளில் தோய்த்தாள். வெள்ளைப் பூக்கள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன. நடைபாதையில் வெயில் விழுந்தது. கீழ்மூலையில் மட்டும் நீலம் மிச்சம். அங்கே ஒரு மரத்தின் நிழல் இருக்கலாம். இருக்கட்டும் என்று தூரிகையைத் துடைத்தாள்.

கூடத்துக் காவலாளி இரட்டைக் கதவில் ஒன்றை அடைத்துவிட்டு மற்றதில் கை வைத்திருந்தார்.

"என்னம்மா இது, சொட்டச் சொட்டக் கொண்டு வர்றீங்க?"

"ஆமாங்க. அந்தக் கதவையும் திறங்க. இதுல நுழையாது."