தாத்தா குடித்த எழுத்து

வானொலியில் அந்தப் பெயர் வந்தபோது ஹெர்தா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ருஷ்யாவிலிருந்து திரும்பி வரும் கைதிகளின் பட்டியலை அந்த அக்டோபரில் தினமும் மதியம் படித்தார்கள். போர் முடிந்து பத்து வருஷமாகியும் அங்கே ஆட்கள் மிச்சமிருந்தார்கள். படிக்கிறவன் ரயில் நேரம் சொல்கிறவன் மாதிரி ஒரே குரலில் படித்துக்கொண்டு போனான்.

"க்ரௌசே, வால்டர், ஸாக்ஸனி. கூகர், எர்வின், பொமரேனியா. க்ருல், பவுல், பெர்லின்."

ஹெர்தா எழுந்து வானொலியை அணைத்தாள். இன்னும் ஒரு வார்த்தை பேசவிட்டால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு விடுவானோ என்று பயந்தாள். பிறகு உட்கார்ந்து மிச்சமிருந்த கிழங்கையும் சீவி முடித்தாள். இரண்டு பேருக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்கு சீவியிருந்தது.

சாயங்காலம் ஆல்வின் வந்தான். சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன். அங்கே சர்க்கரையை பீட்ரூட்டிலிருந்து எடுப்பார்கள், அறுவடைக் காலத்தில் அவன் சட்டையிலிருந்து வெந்த கிழங்கு வாடை போகவே போகாது. நவம்பர் பன்னிரண்டாம் தேதி அவனுக்கும் ஹெர்தாவுக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

"எர்வின் வர்றான்," என்றாள்.

"எந்த எர்வின்?"

"எனக்கு எத்தனை அண்ணன் இருக்கான்?"

ஆல்வின் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "ரேடியோவுல சொன்னானா? ஹெர்தா, பொமரேனியாவுல எர்வின்னு பேர் வெச்சவன் ஆயிரம் பேர் இருப்பான்."

"இருக்கட்டும். கூகர் எத்தனை பேர்?"

அந்தப் பெயர் உலகத்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது, அதுவும் பிழையாகப் பிறந்த பெயர்.

ஹெர்தாவின் தாத்தா காட்லீபுக்குக் குடும்பப் பெயர் க்ரூகர். க்ரூகர் என்றால் சாராயக்கடைக்காரன் என்று அர்த்தம், அவரும் சாராயக்கடைதான் வைத்திருந்தார். பொமரேனியாவில் அவர்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு க்ரூகர் மேல்தான் விழ வேண்டும். பாதிரியார் க்ரூகர், கொல்லர் க்ரூகர், பன்றி திருடி ஜெயிலுக்குப் போனவனும் க்ரூகர். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில் காட்லீபுக்கு ஒரே மகன் பிறந்தான். பிறப்பைச் சர்க்காரில் பதியவேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. மகன் பிறந்த சந்தோஷத்தில் தாத்தா ஒரு புட்டி சாராயத்தோடு பனியில் நடந்து பதிவாளர் வீட்டுக்குப் போனார். பதிவாளர் ஓய்வு பெற்ற சார்ஜென்ட். இரண்டு பேருமாகப் புட்டியைக் காலி செய்துவிட்டுப் பிறகு எழுத உட்கார்ந்தார்கள். க்ரூகர் என்று எழுத வேண்டிய இடத்தில் 'ர'வை விட்டுவிட்டுக் 'கூகர்' என்று எழுதினான் அந்த மகானுபாவன். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது.

விஷயம் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. பட்டாளத்தில் "கூகர்" என்று கூப்பிட்டபோது ஹெர்தாவின் அப்பா யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நின்றார். கன்னத்தில் ஓர் அறை விழுந்த பிறகுதான் அது தன் பெயர் என்று தெரிந்தது. திருத்தச் சொல்லிப் போய்க் கேட்டதற்கு, எழுதியது எழுதியதுதான், மாற்ற வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போ என்றார்கள். "இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பிழையே அவருக்குப் பெருமையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "டேய், உன் 'ர' எங்கேடா?" என்று கேலி செய்தால் எர்வின் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "எங்க தாத்தா குடிச்சுட்டார்," என்பான்.

நாற்பத்து நான்கு ஜூனில் எர்வினிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. மறு வருஷக் குளிர்காலத்தில் ஹெர்தாவும் அம்மாவும் ஊரை விட்டு மேற்கே ஓடினார்கள். அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். வழியில் ஏதோ ஓர் ஊரில் அம்மாவைப் புதைத்தபோது, வெட்டியான் சிலுவைப் பலகையில் 'க்ரூகர்' என்று எழுதிவிட்டான். ஹெர்தா விரல் விறைக்கும் குளிரில் முழங்காலிட்டு அந்த 'ர'வைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள்.

அன்றிலிருந்து பத்து வருஷமாக அதே சண்டை. அகதி அட்டையில், ரேஷன் சீட்டில், தையல் பட்டறைச் சம்பளச் சீட்டில் என்று எங்கே எழுதினாலும் 'ர' சேர்த்துத்தான் எழுதினார்கள். ஒவ்வொரு மேஜையின் முன்னாலும் நின்று அவள் அதை அடிக்க வைத்தாள். கதவில் தகரப் பலகை மாட்டி, கொட்டை எழுத்தில் 'கூகர்' என்று எழுதினாள். எர்வின் தேடி வந்தால் அந்தப் பெயரைத்தானே தேடுவான். ஆல்வின் ஆறு வருஷமாகக் கல்யாணம் கேட்டும் அவள் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம். ஆல்வின் பெயரோடு திருமதி பிராண்டஸ் ஆகிவிட்டால் அவளை எர்வின் எங்கே போய்க் கண்டுபிடிப்பான்? இந்தக் கோடையில்தான் அவளுக்கே அலுத்துப்போய்ச் சரி என்றாள்.

"இதைக் கேளு," என்று ஆல்வினுக்குத் தட்டில் கிழங்கை வைத்தபடி சொன்னாள். "எங்க பேர்ல எல்லாரும் 'ர' சேர்ப்பாங்க. ஒருத்தனும் எடுக்க மாட்டான். பட்டியல்ல 'ர' இல்லாம இருக்குன்னா என்ன அர்த்தம்? அவனே குமாஸ்தா பக்கத்துல நின்னு, சொல்லிச் சொல்லி எழுத வெச்சிருக்கான்."

ஆல்வின் வெகுநேரம் மென்றான். "ஒரு நாள் லீவு கேட்கிறேன்," என்றான். "போலாம்."

மறுநாள் காலை ரயிலில் ஆல்வின் செய்தித்தாள் வாங்கினான். பட்டியல் அதில் முழுதாக வந்திருந்தது. ஹெர்தா ஒரு முறை வாங்கிப் பார்த்தாள். கூகர், எர்வின், பொமரேனியா. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஆல்வின் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நான்காக மடித்து உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ரொட்டி வெச்சிருக்கியா?"

அவள் கொடுத்தாள். அவளால் சாப்பிட முடியவில்லை. தலை நரைத்துவிட்டதே, அண்ணனுக்கு அடையாளம் தெரியுமா என்ற கவலையில் வண்டி ஜன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அட்டையில் 'கூகர்' என்று பெரிதாக எழுதி எடுத்து வந்திருந்தாள்.

கைதிகள் வந்து இறங்கும் எல்லை முகாமில் பெண்கள் காலையிலிருந்தே நின்றிருந்தார்கள். பாதிப் பேர் பட்டியலில் பெயர் வராதவர்கள். கழுத்தில் மகன் படத்தையோ புருஷன் படத்தையோ கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இறங்கி வருகிறவன் யாராவது பார்த்திருப்பானா என்று கேட்க வந்தவர்கள். ஹெர்தா அவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். தன் ஆள் வருகிறான் என்ற கர்வம் அவளுக்கு இருந்தது. பிற்பாடு அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

மணி அடித்தது. பஸ்கள் வந்தன. பஞ்சு வைத்துத் தைத்த சட்டையும் மரப்பெட்டியுமாக ஆட்கள் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே வயதாகத் தெரிந்தார்கள். நாலாவது பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் அவள் அட்டையைப் பார்த்து நின்றான். குட்டையான ஆள். எர்வின் நெட்டை. முன்பல் இரண்டும் இல்லாத வாயால் சிரித்தான்.

"பாத்தியா, நீயும் என் பேரைத் தப்பாத்தான் எழுதியிருக்கே," என்றான்.

"நீங்க யாரு?"

"எர்வின் க்ரூகர். நடுவுல 'ர' உண்டு. பட்டியல் அடிச்சவன் முழுங்கிட்டான். நான் அப்பவே சொன்னேன். உசிரோட போறே, ஒரு எழுத்து குறைஞ்சா குடியா முழுகிடும்னான். என்னைக் கூட்டிட்டுப் போக லூயிஸே உன்னை அனுப்பினாளா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அட்டையை மறுபடி பார்த்தான். சிரிப்பு நின்றது. தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அப்படியும் ஒரு பேர் இருக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

அவள் பையிலிருந்து எர்வினின் படத்தை எடுத்து நீட்டினாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகப் பார்த்தான். "இல்ல தங்கச்சி. பார்த்ததில்ல." பொய் சொல்லத் தெரியாத மனுஷன். படத்தை உடனே திருப்பிக் கொடுக்கவும் அவனுக்கு மனசு வரவில்லை, அதைப் பிடித்தபடியே கூட்டத்தை எட்டிப் பார்த்தான்.

"என் பொண்டாட்டி லூயிஸே வரல. பன்னெண்டு வருஷம் ஆச்சு. ரேடியோ கேட்டிருப்பா. க்ரூகர்னு வரலையேன்னு அணைச்சிருப்பா."

ஹெர்தா தன்னைப் போலவே எங்கோ ஒரு சமையலறையில் ஒருத்தி எழுந்து வானொலியை அணைத்ததை நினைத்தாள். அந்த லூயிஸேயின் ஒரு நாள் சந்தோஷத்தைத் தான் எடுத்து அனுபவித்துவிட்டதுபோல இருந்தது. 'ர'வை ஒருத்தனும் எடுக்க மாட்டான் என்று எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். ஒருவன் எடுத்ததால்தான் அவள் பெயரே பிறந்தது. அது அவள் புத்தியில் படவேயில்லை.

"ஆபீஸுக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்க," என்றாள். "வாங்க, நானும் வர்றேன்."

அலுவலகக் குடிலின் முன் வரிசையில் நிற்கும்போது ஆல்வின் அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான். "ரயில்லயே தெரிஞ்சுது. பட்டியல் அகர வரிசை. க்ரௌசே, க்ருல்னு ரெண்டு பக்கமும் 'க்ர'ல தொடங்குற பேரு, நடுவுல கூகர் எப்படி வரும்? க்ரூகராத்தான் இருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா என்ன நினைச்சிருப்பே? கல்யாணம் தள்ளிப் போயிடும்னு பயந்து சொல்றான்னு நினைச்சிருப்பே."

நினைத்திருப்பாள்தான். அவள் அவன் கையைப் பிடிக்கவுமில்லை, உதறவுமில்லை.

உள்ளே தட்டச்சு இயந்திரத்தின் பின்னால் இருந்த குமாஸ்தாவுக்கு முப்பது வயது இருக்கும். க்ரூகர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நிமிராமலே சொன்னான். "பட்டியல் இப்படித்தான் வந்திருக்கு. விடுதலைச் சீட்டும் கூகர்னு அடிச்சாச்சு. எழுதினது எழுதினதுதான். மாத்தணும்னா கோர்ட்டுக்குப் போங்க."

"அறுபது வருஷமா இதே பாட்டுதானா?" என்றாள் ஹெர்தா.

குமாஸ்தா நிமிர்ந்தான். "நீங்க யாரும்மா?"

"நான்தான் கூகர்."

"அப்போ இவர் உங்க சொந்தமா?"

க்ரூகர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். "வேணும்னா என்னையே உங்க வீட்டு ஆளா வெச்சுக்கோ தங்கச்சி," என்றான். "பேர்தான் எழுதியாச்சே." வேடிக்கையாகச் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தான், வேடிக்கையாக வரவில்லை. ஒரு நொடி ஹெர்தாவுக்கு ஆசை வந்தது. சர்க்கார் தாளில், முத்திரையோடு, எர்வின் கூகர் உயிரோடு வந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன? எங்கோ ஒரு பெட்டியில் அந்தத் தாள் இருக்கும். தாளிலாவது அவன் வந்தவனாக இருப்பான். லூயிஸே என்ற முகம் தெரியாத பெண் மட்டும் வருஷக்கணக்காக வானொலி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அந்த உட்கார்தல் எப்படிப்பட்டது என்று ஹெர்தாவுக்குத் தெரியும்.

"இல்ல," என்றாள். "இவர் எங்க வீட்டு ஆள் இல்ல."

"அதை எழுத்துல கொடுத்தா திருத்தலாம்," என்று குமாஸ்தா ஒரு தாளை இயந்திரத்தில் சொருகினான். "கூகர்னு உங்க குடும்பத்துல உசிரோட இருக்கிற ஆம்பளைங்க யார் யாரு? போட்டாகணும்."

பத்து வருஷமாக எத்தனையோ படிவம். இதே கேள்விக்கு ஒவ்வொன்றிலும் அவள் 'எர்வின், காணவில்லை' என்று எழுதியிருக்கிறாள். வேறு மாதிரி எழுதச் சொன்னவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

"யாரும் இல்ல," என்றாள். "நான் ஒருத்திதான்."

குமாஸ்தா அதை அடித்தான். பிறகு பேனாவை எடுத்து, விடுதலைச் சீட்டில் 'கூகர்' என்ற பெயருக்கு நடுவே ஒரு 'ர'வைச் சொருகி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டான். அவ்வளவுதான் நேரம் பிடித்தது. ஹெர்தா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷத்தில்தான் அவள் அண்ணன் செத்துப்போனான்.

"உங்க பேர்?"

"ஹெர்தா கூகர்."

அவன் அடித்து, தாளை உருவி, கையெழுத்துக்காக அவள் பக்கம் திருப்பி வைத்தான். க்ரூகர் அதற்குள் தன் சீட்டை வாங்கிக்கொண்டு, டெலிபோன் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டபடி வெளியே ஓடியிருந்தான். ஆல்வின் அவள் தோளுக்கு மேலாகத் தாளைப் படித்தான்.

"ஹெர்தா," என்றான் மெதுவாக. "பாரு. உனக்கும் 'ர' போட்டிருக்கான்."

'ஹெர்தா க்ரூகர்' என்று இருந்தது. குமாஸ்தா உதட்டைக் கடித்தான். வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். "மறுபடி அடிக்கணுமா?" என்று கேட்டான்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் ஹெர்தா.

பேனாவை வாங்கி, கையெழுத்தையும் 'ர' சேர்த்தே போட்டாள்.