பதினேழாம் கேள்வி

அரசாங்கத்தின் இணையப் பாதுகாப்புத் துறை, பள்ளிக் கடைசி வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை இரண்டு மாதப் பயிற்சிக்கு எடுக்கப்போவதாக அறிவித்த நாளிலிருந்து குட்டிக்கு வேறு நினைப்பே இல்லை. விண்ணப்பத்தில் முதல் பதினைந்து கேள்விகளையும் மளமளவென்று நிரப்பிவிட்டாள். பதினாறாவதில் கை நின்றது. வீட்டுக்கும் பள்ளிக்கும் வெளியே, அவளை மூன்று வருடமாவது அறிந்த பெரியவர் ஒருவர், அவளைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பாவுக்கு வேலை மாற்றலாகி அம்மாவும் அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். படிப்பு கெடக்கூடாது என்று அவளை அண்ணன் வீட்டில் விட்டிருந்தார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டியவன். அவளுக்குக் கிடைத்த அறையில் பாதியை, இன்னும் பிரிக்காத கல்யாணப் பரிசுப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் மடக்குக் கட்டில், லேப்டாப், அவள்.

"நான் போடறேன் கையெழுத்து," என்றாள் அண்ணி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே. "நமக்குள்ள என்ன ரத்த சொந்தமா?"

"அண்ணி, நீங்க இந்த வீட்டுக்கு வந்தே பதினோரு மாசம்தான் ஆகுது."

"அடிப்பாவி! எண்ணிக்கிட்டா இருக்கே?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அண்ணி வேலைக்குக் கிளம்பிப் போனாள். வீடு கப்சிப்பென்று ஆனது.

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒருவர்தான் இருந்தார். சிட்டுவின் அம்மா. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். குட்டியும் சிட்டுவும் ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். பள்ளி விட்டதும் இருவரும் அந்தக் கடை மேசைக்கடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். ஆனால் சிட்டு அவளோடு பேசி ஒரு வருடம் ஆகிறது.

போன வருடம் நடந்தது இது. மார்க் பார்க்கும் பள்ளியின் இணையப் பக்கத்தில், முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை மாற்றினால் யார் மார்க்கை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதைக் குட்டி கண்டுபிடித்தாள். உடனே போய்த் துணைத் தலைமையாசிரியரிடம் சொன்னாள். ஓட்டை அடைபட்டது. நன்றி சொல்வார்கள் என்று நினைத்தாள். எல்லாரையும் வேவு பார்க்கிறவள் என்று வகுப்பில் அவளுக்குக் 'கேமரா' என்று பெயர் வைத்தார்கள். அதே வாரத்தில், சிட்டு கணக்கில் தோற்றதை வீட்டில் மறைத்த விஷயம் எப்படியோ வெளியே வந்து வகுப்பே பேசியது. எல்லார் கண்ணும் கேமராவைத் தேடியது.

"நீ என் மார்க்கைப் பார்த்தியா?" என்று சிட்டு கேட்டாள்.

"இல்லை," என்றாள் குட்டி.

அது பொய். சிட்டுவின் பதிவு எண் இவளுடையதற்கு அடுத்த எண். ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கத் தன் எண்ணோடு ஒன்றைக் கூட்டினாள். வந்து நின்றது சிட்டுவின் பக்கம். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான்.

விண்ணப்பத்தின் பதினேழாம் கேள்வி: 'அனுமதியின்றி மற்றவருடைய கணினித் தகவலைப் பார்த்ததுண்டா? விவரம் எழுதவும்.'

'இல்லை' என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் 'ஆம்' என்று எழுதி, நடந்ததை ஆறு வரியில் சொல்லிமுடித்தாள். முன்பின் தெரியாத அதிகாரிக்குச் சொல்வதைச் சிட்டுவுக்குச் சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

கடையில் சிட்டுதான் இருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். குட்டியைப் பார்த்ததும், "எத்தனை காப்பி?" என்றாள்.

"காப்பி எடுக்க வரல. நான் அன்னைக்குப் பொய் சொன்னேன். உன் மார்க்கைப் பார்த்தேன். ஆனா சத்தியமா வெளியில சொல்லல."

சிட்டு மெஷினுக்குள் தாள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். "தெரியும்."

"எப்படி?"

"எப்பவும் ரிசல்ட் வந்த அடுத்த நிமிஷம் எவ்வளவுன்னு என் உயிரை வாங்குவ. அந்தத் தடவை மட்டும் கேக்கவே இல்லை. அப்பவே புரிஞ்சிடுச்சு."

"அப்ப, நான்தான் வெளியில சொன்னேன்னு நெனச்சியா?"

"லூசு. ஸ்கூல்லேருந்து அம்மாவுக்குப் போன் பண்ணாங்க. அம்மா இந்தக் கடையில நின்னுக்கிட்டுத்தான் கத்துனாங்க. அப்ப நம்ம கிளாஸ் பசங்க ரெண்டு பேர் காப்பி எடுக்க நின்னாங்க." சிட்டு மெஷினின் தாள் தட்டைப் படாரென்று மூடினாள். "என் கோவம் அது இல்ல. நான் தோத்துட்டேன்னு உனக்கு முதல்லயே தெரியும். ஒரு வார்த்தை வந்து கேட்டியா? ஓட்டையைப் பத்திச் சொல்ல மட்டும் ஆபீஸ் ரூமுக்கு ஓடுன."

இந்த ஒரு வருடத்தில் குட்டி தனக்குள் ஆயிரம் சமாதானம் சொல்லிவைத்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூட இதற்குப் பதிலாக இல்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சிட்டுவின் அம்மா வந்தார். "அடடே, யாரு இது? வழி தெரிஞ்சுதா?" என்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டி விண்ணப்பத் தாளை முழுக்கப் படித்தார். பதினேழாம் கேள்விக்கு வந்ததும் மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன எழுதணும்? தங்கமான பொண்ணுன்னா?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க ஆன்ட்டி."

அவர் நிதானமாக எழுதி, கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். என்ன எழுதினார் என்று குட்டி கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நேர்முகத் தேர்வு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகள். சளி பிடித்திருந்த பெண் அதிகாரி, மூக்கைத் துடைத்தபடியே கேட்டார்: "பதினேழாவதுக்கு நீ இல்லைன்னு எழுதியிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா?"

"தெரிஞ்சிருக்காது மேடம். ஏற்கனவே ஒருத்திகிட்ட அப்படிச் சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும்னு தோணுச்சு."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

எட்டுப் பேரில் ஒருத்தியாகத் தேர்வானதாகக் கடிதம் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. பரிசுப் பெட்டிகளுக்கு நடுவே நின்று இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். அம்மா போனை எடுக்கவில்லை. அண்ணன் எடுத்து, "மேல தொங்கிக்கிட்டு இருக்கேன் குட்டி, அப்புறம் பேசறேன்," என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

கடையில் கூட்டம். சிட்டுவிடம் கடிதத்தை நீட்டினாள். சிட்டு படித்துவிட்டு, "வாழ்த்துகள்," என்றாள். முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அடுத்த ஆளின் தாளை வாங்கி மெஷினில் வைத்தாள்.

குட்டி நகரவில்லை. வரிசை கரைகிற வரை ஓரமாக நின்றாள். பிறகு கேட்டாள்: "கணக்கு எப்படிப் போகுது?"

சிட்டு மெஷினை நிறுத்தினாள். "இன்னும் உதைக்குது," என்றாள்.

"நான் வந்து..."

"வேணாம். கேட்டியே, அது போதும்."

அதற்குள் இன்னொருவர் ஒரு கத்தைத் தாளோடு வந்து நின்றார். குட்டி கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தெரு முனை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். சிட்டு குனிந்து தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் அண்ணி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. குட்டி அவசரப்படாமல், நீளமான வழியாகவே நடந்தாள்.