டக்கெட் அழுத அத்தியாயம்

இங்கிலாந்தின் பாத் நகரில் நான் வாடகை நூலகம் நடத்திவந்த நாட்களில், ஓர் ஆண்பிள்ளைக்குப் பெண் கிடைக்க நல்ல கோட்டு மட்டும் போதாது. கண்ணில் தண்ணீரும் வர வேண்டும். செலினா பிராட்வுட் என்ற இளம் விதவை இதைச் சட்டமாகவே வைத்திருந்தாள். பெண் கேட்டு வருபவனுக்கு ஒரு சோக நாவலின் மூன்றாவதும் கடைசியுமான பாகத்தை அவள் உரக்கப் படிப்பாள். எதிரே உட்கார்ந்து அழாதவனுக்கு இதயம் கிடையாது. இதயம் இல்லாதவனுக்கு அவள் கை கிடையாது.

சீஸ் வியாபாரி ஜேபஸ் டக்கெட்டுக்கு அவள்மேல் உயிர். ஆனால் அவன் அப்பா படித்துக்காட்டிய பழைய ஈரடிச் செய்யுள்களைக் கேட்டு வளர்ந்தவன். முதல் நாள் வாசிப்பு முடிந்து உலர்ந்த கண்ணோடு வெளியே வந்தான்.

"ஓய், எங்கப்பா காலத்துக் கவிஞன் ரெண்டே அடியில ஊருக்கு புத்தி சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவான். இந்தக் கதாநாயகி நிலாவைப் பாத்து நாலு பக்கம் அழுவுறா!"

"கைக்குட்டையில வெங்காயம் வெச்சுக்கும்" என்றேன்.

"எனக்கு முன்னாடி வந்த ஆளு அதத்தான் செஞ்சான். மோந்து பாத்துத் துரத்திட்டா. வியாழக்கிழமையோட பாகம் முடியுதுய்யா. அன்னிக்கும் அழலேன்னா, நாம நல்ல சிநேகிதங்க மட்டுந்தான்னு சொல்லிட்டா."

வியாழக்கிழமை நூலகத்தின் பின்னறையில் வாசிப்பு. நான் அலமாரியைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டேன். கதையில் ஆற்றுவெள்ளம், படகில் கதாநாயகியும் தகப்பனும். செலினாவின் குரல் நடுங்கியது. டக்கெட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைந்தான் என்று நினைத்தேன்.

படகு கனம் தாங்காமல் சாய்கிறது. மகளைக் காப்பாற்ற, சந்தைக்குக் கொண்டுபோன நாற்பது சீஸ் வட்டுகளையும் தகப்பன் ஒவ்வொன்றாக ஆற்றில் உருட்டிவிடுகிறான்.

"நாப்பதுமா?" என்றான் டக்கெட். அடுத்த கணம் தோள் குலுங்க அழுதான்.

செலினா பரவசத்தோடு புத்தகத்தை மூடினாள். "மிஸ்டர் டக்கெட்! எந்த இடம் உங்கள இப்படி உடைச்சிடுச்சு? சொல்லுங்க."

தகப்பன் பாசம் என்று சொல்லித் தொலையும் என, நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து சைகை காட்டினேன். இளசான சீஸை முதிர்ந்தது என்று விற்கத் தெரியாத ஆள் அவன்.

"சீஸுதாங்க மேடம். ஒரு வருஷம் நிலவறையில வெச்சு, வாராவாரம் துடைச்சு, திருப்பிப் போட்டு வளத்திருப்பாங்க. அந்தாளு ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."

செலினா புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள்.

"வாராவாரமா?"

"ஆமாங்க."

"நான் கவனிக்கவே இல்லையே!" அவள் உதடு துடித்தது. "அதுங்கள நெனச்சு அழ ஒருத்தரும் இல்லாம போச்சே."

பிறகு இருவருக்கும் ஒரே கைக்குட்டைதான்.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. இப்போதெல்லாம் நாவல் எடுக்க வந்தால், முடிவு சோகமா என்று செலினா கேட்பதில்லை. குரலைத் தாழ்த்தி, "இதுல வெண்ணெய்க்கு ஒண்ணும் ஆகலையே? அவர் தாங்கமாட்டார்" என்கிறாள்.