ஐயாயிரம் லிட்டர்

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி. அதன் தீயணைப்பு வண்டிக்கு உடையப்பன்தான் டிரைவர். ஜெர்மனியில் செய்த ப்ரெக்னர் வண்டி, ஐயாயிரம் லிட்டர் தொட்டி. ப்ரெக்னரின் கதையை மெக்கானிக் அகமது கபீர் சொல்லியிருந்தார். குதிரை இழுக்கிற கைப்பம்பில் ஆரம்பித்து, பட்டாளத்துக்கு லாரி செய்து, யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்து, மறுபடி எழுந்து நூற்றிருபது வருஷம் தாக்குப்பிடித்த கம்பெனி. கடைசியில் வேறொருவன் வாங்கி, பத்தே வருஷத்தில் இழுத்து மூடிவிட்டான்.

"இனிமே ஸ்பேர் மாஃபி, கிடைக்காது," என்று கபீர் கையை விரித்துவிட்டார். தண்ணீர் அளவு காட்டும் மீட்டர் செத்துப்போனதிலிருந்து, தொட்டியை ஸ்பானரால் தட்டி, சத்தத்தை வைத்தே உடையப்பன் மட்டம் பார்ப்பான்.

ஆகஸ்ட் மாதம் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்கு மூன்று நாளாகத் தண்ணி லாரி வரவில்லை. மேனேஜர் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு 'நாளைக்கு, நாளைக்கு' என்றார். அவருக்கென்ன, அவர் உடம்பா உப்புப் பூத்துக் கிடக்கிறது? உடையப்பனின் ரூம்காரன் ஜெயமணி வந்து நின்றான். முதுகெல்லாம் வேர்க்குரு புண்ணாகியிருந்தது.

"அண்ணே, வண்டித் தண்ணியில குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. லாரி வந்ததும் ரொப்பிக்கலாம்ணே."

மனசு கேட்கவில்லை. உடையப்பன் வால்வைத் திறந்தான். ஒரு வாளி இரண்டானது, நாற்பது பேர் எண்பது பேரானார்கள். தட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றவேண்டும் என்று அவனே ஆசைப்பட்டான், அதுதான் நிஜம்.

மறுநாள் பகல் பதினொன்றுக்கு, லாரி வருமுன்னே அட்டைப்பெட்டி கோடவுன் பற்றிக்கொண்டது. உள்ளே ஜெயமணி டூட்டியில் இருந்தான். உடையப்பன் வாசலில் வண்டியை நிறுத்தி ஹோஸை நீட்டினான். தண்ணீர் சீறியது, நெருப்பு பின்வாங்கியது, பிறகு ஹோஸ் துவண்டு போயிற்று. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அரசாங்க வண்டிகள் வந்தபோது கூரை இறங்கியிருந்தது; ஜெயமணி வெளியே வரவேயில்லை.

மேனேஜர் ரிப்போர்ட்டைத் தயாராக வைத்திருந்தார். பழைய வண்டி, தொட்டியில் ஒழுகல், செய்த கம்பெனி இப்போது இல்லை.

"யார் மேலயும் கேஸ் வராது. சைன் பண்ணு, கலாஸ், முடிஞ்சுது."

மூடிப்போன கம்பெனி வந்து மறுக்கவா போகிறது? உடையப்பன் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் நாள் ஜெயமணியின் மனைவி ராதிகா ஊரிலிருந்து போன் செய்தாள்.

"வண்டியில ஓட்டையாமேண்ணே? அதச் செஞ்சவன் நாசமாப் போவான். அவன் குடும்பம் விளங்குமா?"

அவள் சாபம் கொடுக்கவேண்டிய ஆள் உடையப்பன்தானே.

"ஓட்டை இல்ல தங்கச்சி. தீப்பிடிச்சதுக்கு முந்தின நாளு தொட்டித் தண்ணியில எல்லாரும் குளிச்சோம். நாந்தான் திறந்துவிட்டேன்."

"அவரும் குளிச்சாரா?"

"குளிச்சான்மா. ரெண்டு வாளி."

ராதிகா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவேயில்லை.