பன்னிரண்டாம் வரிசை

புஷ்பா தன் தம்பி நந்தகுமாரின் ஃபோனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். விமானத்தின் இருக்கைகள் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. பன்னிரண்டாம் வரிசை மட்டும் ஆரஞ்சு நிறம். தொட்டால் ஆயிரத்து நானூறு ரூபாய் என்று வந்தது.

"இதுல என்னடா விசேஷம்?"

"எமர்ஜென்சி கதவு பக்கத்துல இருக்கிற சீட்டுக்கா. முன்னாடி நல்லா இடம் இருக்கும், காலை நீட்டிக்கலாம். அத்தான் உயரத்துக்கு இதுதான் சரி."

அத்தான் என்று அவன் சொன்ன சந்திரசேகர், புஷ்பாவின் கணவர், கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆறடி இரண்டு அங்குலம். வடக்கு அந்தமானில் திக்லிபூரில் பாக்கு வியாபாரம். முந்தின நாள்தான் இருவரும் பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போர்ட் பிளேருக்கு வந்து, டெய்ரி ஃபார்ம் பகுதியில் நந்தகுமாரின் வீட்டில் தங்கியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரமும் அவர் வியாபார விஷயமாக ஒருமுறை வந்து திரும்பியிருந்தார். மறுநாள் காலை சென்னைக்கு விமானம். அதற்கடுத்த நாள் மகள் கார்த்திகாவுக்குப் பட்டமளிப்பு. மீன்வளப் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கப் போகிறாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஆயிரத்து நானூறா? பாகல் ஹோ கயே கியா, பைத்தியமா உங்களுக்கு?" என்றார் சந்திரசேகர். "கப்பல்ல பங்க் படுக்கைக்கு வெளிய காலைப் போட்டுக்கிட்டு மூணு நாள் மெயின்லேண்ட் போனவன் நான்."

"நேத்து பஸ்ல கம்பி முட்டியில இடிச்சு இடிச்சு நீங்க பட்ட பாட்டைப் பார்த்தேன்ல?"

"அது நாள் பூரா. இது கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள சென்னை. பேசாம இரு."

நந்தகுமாருக்கும் முழுச் சம்மதமில்லை. அந்த வரிசையில் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள், சில விமானங்களில் இருக்கையைச் சாய்க்கவும் முடியாது என்றான். அதெல்லாம் புஷ்பாவின் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் மடங்கிக் கிடந்த அந்த நீளக் கால்கள்தான் அவள் கண்ணில் நின்றன. கணவர் குளிக்கப் போனதும் தம்பியிடம், "போடுடா" என்றாள்.

"அத்தான் திட்டுவாரேக்கா."

"உட்கார்ந்த பிறகு திட்டட்டும்."

மறுநாள் காலை விமான நிலையத்தில் ஆட்டோவை விட்டு இறங்கிய சந்திரசேகர் மெதுவாகத்தான் நடந்தார். இடது காலைச் சற்று இழுத்து வைப்பது போலிருந்தது. கேட்டதற்கு, புது ஷூ கடிக்கிறது என்றார். பெட்டி எடை போடும் கவுண்ட்டரில் ரூபா என்று பெயர் குத்தியிருந்த இளம்பெண் இருந்தாள். அவள் பெயர்களைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினாள்.

"அங்கிள், உங்களுக்குப் பன்னிரண்டாம் வரிசை. எமர்ஜென்சி சீட்டு. ஏதாவது ஆபத்துன்னா நீங்கதான் கதவைத் திறந்து உதவி செய்யணும். உடம்புல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

சந்திரசேகர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "காசு கட்டிட்டியா?"

"கட்டியாச்சு. சும்மா இருங்க."

"காலை இழுத்து இழுத்து வந்தீங்களே அங்கிள்?" என்று ரூபா கேட்டாள்.

"சுளுக்கும்மா. ஒண்ணுமில்ல."

"சாரி அங்கிள். கால் சரியில்லாதவங்களை அங்க உட்கார வைக்கக் கூடாது. வேற சீட்டு போட்டுத் தரேன்."

"எதையாவது குடும்மா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் புஷ்பா விடவில்லை. "அப்போ நாங்க கட்டின பணம்?" என்று கேட்டாள். அது திரும்ப வராது என்றாள் ரூபா. புஷ்பாவுக்குச் சுருக்கென்றது. குரல் உயர்ந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரூபா கடைசியில், "இங்கேயே மெடிக்கல் ரூம் இருக்கு ஆன்ட்டி. டாக்டர் ஃபிட்னு எழுதிக் கொடுத்தா இதே சீட்டுல அனுப்புறேன்" என்றாள்.

"வா, போயிடலாம். மானத்தை வாங்காதே" என்றார் சந்திரசேகர்.

"அஞ்சு நிமிஷ வேலை. வாங்க."

அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள்.

மருத்துவ அறையில் டாக்டர் உமா மகேஸ்வரி என்று பலகை இருந்தது. நாற்பது வயதிருக்கும். புஷ்பா சீட்டு விவகாரத்தைச் சொல்லச் சொல்ல அவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். "ரெண்டு பக்கமும் பேன்ட்டை முட்டி வரைக்கும் தூக்குங்க சார், பார்த்துடலாம்" என்றார்.

வலது காலைத் தூக்கியபோது ஒன்றுமில்லை. இடது பக்கம் துணி ஏற மறுத்தது. கெண்டைக்காலில் இறுகிப் பிடித்திருந்தது. கஷ்டப்பட்டு மேலே தள்ளினார்.

அது புஷ்பாவுக்குத் தெரிந்த கால் இல்லை. வலதைப் போல ஒன்றரை மடங்கு வீங்கி, தோல் மினுமினுத்துச் சிவந்து கிடந்தது. டாக்டரின் முகத்தில் புன்னகை போய்விட்டது. டேப்பை எடுத்து இரண்டு கால்களையும் சுற்றி அளந்தார். கெண்டைச் சதையை லேசாக அழுத்தினார். சந்திரசேகர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் விளிம்பைப் பிடித்தார்.

"எத்தனை நாளா சார்?"

"நாலு நாள் இருக்கும்."

"நாலு நாளா!" என்றாள் புஷ்பா.

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி?"

"இல்லை."

டாக்டர் புஷ்பாவின் பக்கம் திரும்பினார். "இது சுளுக்கு இல்லம்மா. கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்குன்னு நினைக்கிறேன். ரொம்ப நேரம் அசையாம உட்கார்ந்தா இப்படி ஆகும். அந்தக் கட்டி பிய்ஞ்சு நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கு இவர் ப்ளேன் ஏறக்கூடாது. எந்த சீட்டுலயும்."

ஆம்புலன்சுக்கு அவர் ஃபோன் செய்வதைப் புஷ்பா பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பியைக் கூப்பிட ஃபோனை எடுத்தாள். பெயரைத் தேடத் தோன்றவில்லை; பதினைந்து வருடமாக மனப்பாடமாக இருந்த நம்பரில் நாலு எண்ணுக்கு மேல் நினைவு வரவில்லை. டாக்டரே பெயரைக் கேட்டு, ஃபோனை வாங்கி நந்தகுமாரை அழைத்தார். ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்திருக்கிறோம். நாலு நாள். ஒரு தடவைகூட அந்தக் காலைப் பார்க்கவில்லையே என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குப் பின்னாலிருந்து தொடை வரைக்கும் அடைப்பு இருந்தது. வயிற்றில் ஊசி போட்டு, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்று அங்கிருந்த டாக்டர் நந்தகுமாரிடம் சொன்னது புஷ்பாவுக்கும் கேட்டது.

கார்த்திகாவிடம் அவள்தான் சொன்னாள். "அப்பா இப்ப மூச்சு விடுறாராம்மா?" என்று கேட்டாள் மகள். அந்தக் கேள்வியில்தான் புஷ்பாவுக்கு முழுசாக உறைத்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் கட்டிலில் எழுந்து உட்கார விட்டார்கள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. புஷ்பா அப்போதுதான் கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிம்பே, பயணத்தை நிறுத்துவே. பாப்பா மெடல் வாங்குறதைப் பார்க்கணும்னு இருந்தேன்." அவள் பக்கம் திரும்பி, "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார்.

புஷ்பாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"கண்டுபிடிக்கல. அந்த ஆயிரத்து நானூறு வீணாப் போகுதேன்னுதான் உங்களை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்."

சந்திரசேகர் அவளையே பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காசு திரும்ப வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேசாமல் வாங்கிக்கொண்டு, அவரைக் கூட்டிப்போய்ச் சாதாரண இருக்கையில் முட்டியை மடக்கி உட்கார வைத்திருப்பேன்.

அன்று மத்தியானம், பட்டமளிப்பு முடிந்து புறப்பட்ட கார்த்திகா விமான நிலையத்திலிருந்து நேரே வார்டுக்கு வந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை. கட்டில் அருகே வந்து, போர்வையை விலக்கி, அப்பாவின் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது போலும்; அப்படியே கையை எடுக்காமல் நின்றாள்.

இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத புஷ்பா அப்போது வாய்விட்டு அழுதாள்.