குடிப்பதற்கு முன்

அவர்கள் காபியைக் குடிப்பதற்கு முன்பே நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். முதலில் சொன்னபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். காதில் விழுந்ததோ இல்லையோ என்று, சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் சொன்னேன்.

"புரிஞ்சுதும்மா. நான் என்ன பச்சப்புள்ளயா?" என்றார்.

என் கணவர் ராக்கானின் வீட்டு ஆண்கள் என்னைத் திரும்ப அழைத்துப் போக வருவதாக இருந்தது. என் கல்லூரி அடையாள அட்டையை அவர் அடுப்பில் போட்ட அன்று ஜெராஷுக்கு, அப்பா வீட்டுக்கு வந்தவள் நான். இங்கே மாலை வகுப்புக்குப் போய் மறந்ததையெல்லாம் மீட்டுக்கொண்டு, மீதிப் படிப்பை முடிக்க ஒரு கல்லூரி தேடினேன். என் மனம் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டேன். இர்பித் நகரக் கல்லூரியில் மட்டும்தான் என் பழைய இரண்டு வருடக் கணக்கியல் படிப்பை ஏற்றுக்கொண்டார்கள். அதுவும் இந்த செப்டம்பரில் சேர்ந்தால்தான். தவறினால் அந்த இரண்டு வருடமும் செல்லாது. வீட்டுக்கு வந்த பிறகும் சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகம் வந்து, மறுநாள் போய் இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்தான். அங்கே படிக்க விட்டால்தான் திரும்பிப் போவேன் என்பதுதான் என் நிபந்தனை.

விருந்தறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் நின்றோம். முன்னால் உட்கார்ந்திருந்தவர் ராக்கானின் பெரியப்பா அபூ ஸக்ர், பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்தவர். என் அண்ணன் நவ்ராஸ் ஊற்றிக் கொடுத்த கோப்பையை வாங்கி, உதட்டில் வைக்காமல் மேசைமேல் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"எங்க வீட்டுப் பொண்ண எங்களுக்குத் தர்ற வரைக்கும் இதத் தொடமாட்டோம்" என்றார்.

அப்பா பேச வேண்டிய இடம் அதுதான். 'இர்பித்' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "உங்கள மாதிரி மனுஷங்க என் வாசல்படி மிதிச்சதே எனக்குப் பெருமை. கேட்டது கெடச்சுது. காபியக் குடிங்க."

அத்தனை பேரும் ஒன்றாக உறிஞ்சினார்கள். கதவுக்கு வெளியே வரை கேட்டது.

அதற்குப் பிறகு அப்பா, "ஒரு சின்ன விஷயம்... தஹானி படிக்கணும்ங்கறா. இர்பிதுல" என்றார்.

"அபூ நவ்ராஸ்! கார வித்துட்டு ஸ்டெப்னியத் திருப்பிக் கேக்கறீங்களே!" என்று அண்ணன் பேரை வைத்து அப்பாவை அழைத்துச் சொன்னார் அபூ ஸக்ர்.

அறையே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். காபி உள்ளே போன பிறகு கொடுத்த வாக்கோடு எதையும் ஒட்டவைக்க முடியாது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"இல்ல மாமா, படிக்கட்டும்" என்றார் ராக்கான். "நான் என்ன காட்டுமிராண்டியா? எங்க தெருவுலயே ரெண்டு காலேஜ் இருக்கு. ஒண்ணுல தையல், இன்னொண்ணுல புள்ள வளர்ப்பு. எதுன்னு அவளே சொல்லட்டும். வரச் சொல்லுங்க."

கதவைத் திறந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் கம்பளத்தைப் பார்த்தார்.

"என்னோட ரெண்டு வருஷத்த அங்க எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டேன். பதில் தெரிந்தும் கேட்டேன்.

"எங்க வீட்டுல இருந்த அஞ்சு வருஷத்தையே நீ கணக்குல எடுக்கலியே, மகாராணி" என்றார் ராக்கான். இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரிதாக இருந்தது.

"சீக்கிரம் சொல்லு டாக்டரம்மா. வெளிய காருங்க நிக்குது" என்றான் நவ்ராஸ்.

அப்போதும் என் புத்தி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தது. எதில் மாலை வகுப்பு இருக்கும், எதில் நூலகம் இருக்கும் என்று யோசித்தேன். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்றும் யோசித்தேன். வாயைத் திறந்தேன்.

எந்த வார்த்தை வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து வந்த அம்மா ஒரு பெரிய துண்டு குனாஃபா இனிப்பை என் வாயில் திணித்துவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பாகு என் மோவாயில் வழிந்தது. உருகிய பாலாடைக்கட்டி என் உதட்டிலிருந்து அவள் விரல்வரை நூலாக நீண்டது. அவள் கையை இழுக்க இழுக்க அதுவும் நீண்டுகொண்டே போனது, அறுந்து தொலையவில்லை.